இருமாமல் இழுக்கப் பழகிய சிறுவன்

முதல் சிகரெட்டைப் பற்றிப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் என் எதிரே அமர்ந்து சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. நண்பர்கள் நடுவே முதல் இழுப்பிலேயே இருமித் தவித்தவனைப் பார்த்து அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதன்பின் ஒரு வாரம், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இருமாமல் இழுப்பதற்குத் தனியே பழகியிருக்கிறான். புகை பிடித்திருந்ததா என்று கேட்டேன். "சுத்தமாப் பிடிக்கல டாக்டர். அவங்க முன்னாடி இருமிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றான்.

உடல் வேண்டாம் என்று தள்ளிய ஒன்றைக் கூட்டத்தில் தானும் ஒருவனாக இருப்பதற்காக மனம் வலிந்து ஏற்றுக்கொள்வதில்தான் பெரும்பாலும் இப்பழக்கம் தொடங்குகிறது. உந்துதலை அடக்கி விளைவுகளை எடைபோடும் மூளைப்பகுதி ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருக்க, பாராட்டுக்கு ஏங்கும் பகுதியோ முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. அதனால்தான் தனியே இருக்கையில் நிதானமாக இருப்பவன், நண்பர்களின் கண்ணெதிரே துணிந்துவிடுகிறான். "எல்லாரும்தான் பிடிக்கிறாங்க" என்று சொன்ன அச்சிறுவனை, வகுப்பில் யார் யார் என்று விரல்விட்டு எண்ணச் சொன்னேன். நான்காவது விரலோடு நின்றுவிட்டான்.

புகைப்பதே ஆண்மை என்ற எண்ணம் வீட்டிலிருந்தும் திரையிலிருந்தும் சேர்ந்தே வருகிறது. திரைப்படங்களின் புகைக்காட்சிகள் இளையோரைப் புகைக்கத் தூண்டுகின்றன என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை உறுதிப்படுத்தியது. நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 9 பேர் 18 வயதுக்குள்ளாகவே முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.

"ஒரு தம் போட்டா டென்ஷன் குறையுது" என்று அநேகமாக எல்லாச் சிறுவர்களும் சொல்கிறார்கள்; அவர்கள் பொய் சொல்லவில்லை. இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டும் நிகோட்டின், சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிட, பழகிய மூளை அதைக் கேட்டு எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்புகிறது. அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் இந்தப் பதற்றத்தைத்தான். தேர்வுப் பயமோ வீட்டுச் சண்டையோ இருந்த இடத்திலேயே இருக்க, சிறுவன் அதையும் சிகரெட்தான் ஆற்றியது என்று நம்பிவிடுகிறான். இதைப் படம் வரைந்து விளக்கும்போது, தாங்கள் ஏமாற்றப்பட்டதாகப் பலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றுநோயைச் சொல்லி மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அடித்து அவமானப்படுத்துவதோ, அவனை அதே கூட்டத்தின் பக்கமே தள்ளிவிடுகிறது. முதலில் யாரோடு, எப்போது, எதற்காக என்று பொறுமையாகக் கேளுங்கள். தந்தையும் புகைப்பவரானால், இருவரும் சேர்ந்தே நிறுத்த முயலலாம்.

அச்சிறுவனுக்கும் நண்பர்களை விட மனமில்லை. விடும்படி நானும் சொல்லவில்லை. அவர்கள் நீட்டும்போது என்ன சொல்வாய் என்று கேட்டு, என்னையே நண்பனாக நினைத்துப் பேசச் சொன்னேன். "எனக்கு வேணாம்டா" என்ற இரண்டே சொற்கள், ஐந்தாவது முறைதான் தடுமாறாமல் வந்தன.