தொப்பூர் இறக்கமும் ஆறு டிரம்மும்

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாயில் லாரி மோதினால் மறுநாள் பேப்பரில் ஒரே வரிதான் வரும்: "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி". தர்மபுரியில் பிறந்து ஓசூரில் வண்டி சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிற எங்களுக்கு அந்த வரியைப் படித்தாலே ஒரு எரிச்சல் வரும். ஏன் பிடிக்கவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. 2020 டிசம்பரில் சிமெண்ட் லாரி ஒன்று, முன்னால் நெரிசலில் நின்றிருந்த வண்டிகளின்மேல் மோதி நான்கு பேர் இறந்தார்களே, அதற்கப்புறம் எங்கள் கூட்டத்தில் நாலைந்து பேர் ராத்திரியெல்லாம் போனில் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்தர் பிரேக்கை இயக்கும் ஏர் இறங்கியிருக்கும் என்றார், ஒருத்தர் பிரேக்கில் உரசிப் பிடிக்கிற பட்டை, அதாவது லைனிங், மட்டம் என்றார், இன்னொருத்தர் டிரைவர் தூக்கக் கலக்கம் என்று ஒரே வார்த்தையில் கேஸை முடித்துவிட்டார். அந்த ஒரு லாரிக்கு என்ன ஆனது என்று போனில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல முடியாது, அதை விட்டுவிடுவோம். ஆனால் மலை இறக்கத்தில் பிரேக் கைவிடுவது பற்றிப் பொதுவாக என் கட்சி வேறு. பல சமயம் அந்த பிரேக்கில் எந்தப் பாகமும் உடைந்திருக்காது. அண்டா நிரம்பி வழிவது மாதிரி, அது சூட்டால் நிரம்பியிருக்கும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குக் கீழே. நடுவில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரி அந்த 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தையும் இறங்கித்தான் ஆகவேண்டும். பெரும்பாலான தூரம் அது தெரியாமலே கழிந்துவிடும். தொப்பூரில்தான் சரிவும் வளைவும் சேர்ந்து வந்து வண்டியை முன்னால் தள்ளும்.

ஒரு டாரஸை எடுத்துக்கொள்வோம், பத்துச் சக்கரம், லோடோடு 28 டன். அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியே வரும் ஆற்றல் சுமார் 27 மெகாஜூல். இந்த எண் கையில் பிடிபடாது, அதனால் இப்படிச் சொல்கிறேன்: 90 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெயில் சூட்டிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோகப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்று. வேகம் கூடாமல் ஒரே சீராக இறங்குவது என்றால் இந்த ஆற்றல் மொத்தமும் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை டிரைவர் பெடலிலேயே பிடித்துக்கொண்டு வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஆறு பிரேக் டிரம்களுக்குள் (பின்னால் இரட்டைச் சக்கரத்துக்கு ஒரு டிரம்தான்) சூடாகப் போகும். வார்ப்பிரும்பு டிரம் ஒன்று 45 கிலோ என்று வைத்தால் ஆறும் சேர்ந்து 270 கிலோ. வெளிக்காற்றில் ஆறுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்குவதற்கும் டிரம்கள் கிட்டத்தட்ட 200 டிகிரி ஏறும். இது ஒரு கச்சாக் கணக்குதான், ஆனாலும் டிரம் ரிம்முக்குள் ஒளிந்திருப்பதால் காற்று அதை அவ்வளவு சுலபமாக ஆற்றிவிடாது.

இதையே நேரக் கணக்கில் பார்த்தால் இன்னும் மிரட்டும். 100 மீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த லாரியைப் புவியீர்ப்பு தள்ளுகிற திறன் ஏறக்குறைய 150 கிலோவாட், அதாவது 200 குதிரைத்திறன். வண்டியின் எஞ்சினே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும்! முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கிற அளவுக்கு மலை பின்னாலிருந்து தள்ளுகிறது. 20 கிலோமீட்டரில் வந்தால் அது பாதியாகக் குறையும். மொத்தச் சூடு அதேதான், ஆனால் மெதுவாக வருவதால் ஆற நேரம் கிடைக்கிறது.

சரி, டிரம் சூடானால் ஏன் பிடிக்காது? இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது. லைனிங்கில் இருக்கும் பொடியையும் நாரையும் ஒட்டிவைத்திருப்பது ஒருவகைப் பிசின். ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் அந்தப் பிசின் சிதைய ஆரம்பித்து வாயு வெளிவரும், உராய்வு குறைந்துபோகும், லைனிங் டிரம்மைக் கவ்வாமல் வழுக்கும். கணவாயில் மூக்கைத் துளைக்கிற அந்தக் கருகல் நாற்றம் இதுதான். இரண்டாவது விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூட்டில் டிரம் விரிகிறது. 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி ஏறினால் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் லைனிங் ஒட்டிய பிரேக் ஷூவை அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டி நகர்த்த, ஏர் அழுத்தத்தில் இயங்கும் ஏர் சேம்பரிலிருந்து வரும் தண்டு அதைப்போலப் பல மடங்கு தூரம் வெளியே வரவேண்டும், அந்தத் தண்டுக்கோ ஒரு எல்லை உண்டு. ஏற்கெனவே ஸ்லாக் அட்ஜஸ்டரை, அதாவது இந்த இடைவெளியைச் சரிசெய்யும் பாகத்தை, சரியாக வைக்காத வண்டி என்றால் தண்டு தன் எல்லையில் போய் முட்டி நிற்கும், ஷூ டிரம்மை ஒழுங்காகத் தொட்டிருக்காது. பெடல் முழுசாக அமுங்கும், ஏர் மீட்டரும் சரியாகக் காட்டும், வண்டி மட்டும் நிற்காது.

"ஏர் இறங்கினா பிரேக் போயிரும்ணா" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி சரி. இப்போதைய லாரிகளில் பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங் பிரேக் இருக்கிறது. ஏர்தான் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும், ஏர் போனால் ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொள்ளும். ரயிலில் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களில் கொண்டுவந்த அதே யோசனை, காற்று போனால் வண்டி நிற்கவேண்டும். ஆனால் இந்த ஸ்பிரிங் தள்ளுவதும் அதே ஷூவைத்தான், அது உரசுவதும் அதே வெந்துபோன டிரம்மில்தான். கடைசி நேரத்தில் இந்த ஸ்பிரிங்கை விடுவிக்கிற ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் பலன் இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இனி நியூட்ரல். "டீசல் மிச்சம்" என்று இறக்கத்தில் கியரை எடுத்துவிடும் பழக்கம் பழைய வண்டிக் காலத்திலிருந்து வருகிறது. இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்தே ஆகவேண்டும். லேசான சரிவில், பிரேக்கே தேவைப்படாத இடத்தில், நியூட்ரலில் உருண்டால் கொஞ்சம் மிச்சம் வரலாம், அதை மறுக்கமாட்டேன். தொப்பூர் மாதிரி பிரேக் போட்டே தீரவேண்டிய இறக்கத்தில் அந்தக் கணக்கு நிற்காது. போதாக்குறைக்கு, டேங்கில் ஏர் நிரப்பும் கம்ப்ரஸரும் எஞ்சினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் மெதுவாக ஓடும், கம்ப்ரஸரும் மெதுவாக ஓடும், அந்த நேரம் பார்த்துப் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் டேங்கில் ஏர் இறங்கும். தம்பி சொன்னதில் இந்தப் பாதிதான் சரி.

கியரில் இருந்தால் மட்டும் டீசல் எஞ்சின் பெரிதாகப் பிடித்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. காற்றை அமுக்கச் செலவான ஆற்றலில் பெரும்பங்கை அதே காற்று பிஸ்டனைக் கீழே தள்ளித் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயை ஒரு தகடு அடைத்துக்கொள்ள, எஞ்சின் அந்த அடைப்பை எதிர்த்து முக்கி முக்கிக் காற்றைத் தள்ளவேண்டியிருக்கும். அந்தச் சூடு டிரம் பக்கமே வராது. இன்னொரு வழியைக் கண்டுபிடித்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-இல் கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் தன் லாரியின் பிரேக் போய், ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பியவர். காற்று அமுங்கி முடிந்த நொடியில் வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிட்டால் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்காதே என்று யோசித்தார், அது 1961-இல் ஜேக்கப்ஸ் பிரேக்காக விற்பனைக்கு வந்தது.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய என் மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "ஏறுன கியர்லயே இறங்கு மாப்ளே" என்பார். ஏறுவதற்கு எஞ்சினிடம் எவ்வளவு வேலை வாங்கினோமோ அதே அளவு இறங்கும்போது விழுங்கவேண்டும் என்பதைத்தான் அவர் சொன்னார். நான் இன்னும் ஒரு கியர் குறைக்கச் சொல்வேன், ஏனென்றால் எஞ்சின் விழுங்குவது அது இழுப்பதை விடக் குறைவு. கியரை மாற்றுவதென்றால் பாளையம் டோல்கேட் தாண்டியதுமே, வளைவு ஆரம்பிக்கும் முன்பே மாற்றிவிடவேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் ஏறியபின் கியரைக் குறைக்கப் பார்த்தால், வந்த கியர் கழன்றுவிடும், கீழ் கியர் விழாது. நியூட்ரலே வேண்டாம் என்று நினைத்த ஆளும் நியூட்ரலில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கார்க்காரர்கள் சிரிக்கவேண்டாம். உங்கள் பிரேக்கில் ஏருக்குப் பதிலாக இருக்கும் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ரக ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

இறக்கம் முடிந்து ஓரம் கட்டிய லாரியின் சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் பையன் வாளியோடு ஓடிவந்து தண்ணீரை ஊற்றுவான், சுர்ரென்று சத்தம் வரும். கொதிக்கும் வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் மேல்பரப்பு மட்டும் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். மாமாவின் கிளீனர் ஒருமுறை அப்படி வாளியைத் தூக்கியபோது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர்கூட இறங்கி வந்துவிட்டார். அப்புறம் வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள், டிரம் ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனதாம்.