அந்த எண் யாருடையது?

நைரோபியில் ஒரு கடன் நிறுவனத்தில் வாடிக்கையாளர் தரவு பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு காய்கறிக்கடை அம்மாவின் விண்ணப்பத்தை எங்கள் மென்பொருள் தள்ளிவிட்டது. எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச்சேவைக் கணக்கில் பணம் தாறுமாறாக வருகிறது, போகிறது. நிலையான வருமானம் இல்லையாம்.

நேரில் போய்க் கேட்டோம். சிம் கணவர் பெயரில் இருந்தது. மகனும் அதே எண்ணில்தான் பணம் வாங்குவான். மூன்று பேரின் வரவுசெலவை ஒரே ஆளுடையதாக எண்ணிக் கடன் தகுதிக்கு மதிப்பெண் போட்டிருந்தோம். மாதாமாதம் வெளியே போன தொகை, 'சாமா' என்னும் சீட்டுக்குழுவுக்கு. ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அதற்குச் சாட்சி ஒரு கோடு போட்ட நோட்டுதான். எங்கள் கணினிக்கு அது வெறும் செலவு.

2007இல் எம்-பெசா வந்ததிலிருந்து கென்யாவில் தரவுக்குப் பஞ்சமே இல்லை. அது யாரைப் பற்றியது என்பதுதான் தெரிவதில்லை.

சரி, அந்த நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சட்டென்று மூடிவிட்டார். அவருடைய நாத்தனார் ஒரு செயலியில் கடன் வாங்கி, தவணை தள்ளிப்போனதும், அவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போயிருக்கிறது. சர்ச்சில் கூட இருப்பவர்களுக்கும். அந்த அவமானத்தை அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

2019இல் அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும் அதில் உரிமை உண்டு. 2022இல் மத்திய வங்கி கொண்டுவந்த விதிகள், கடனை வசூலிக்க வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்கின்றன. நல்ல விதிகள். ஆனால் எங்கள் ஒப்புதல் படிவமோ வக்கீல் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். கடையில் பேச்செல்லாம் சுவாஹிலி. படிக்காமல் அமுக்கும் 'சரி'யை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்காதீர்கள். அதற்குப் பதில், "இந்த எண்ணை வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா?" என்று அவர்கள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எதற்குப் பயன்படும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். எங்கள் படிவத்தில் அப்படித்தான் மாற்றினோம்.

அப்புறம், கிளம்பும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார்: "படம் எடுத்தா, அதை எப்போ அழிப்பீங்க?" அப்போது என்னிடம் பதில் இல்லை. அலுவலகம் திரும்பியதும் முதலில் அந்தத் தேதியை முடிவுசெய்ய உட்கார்ந்தோம்.