வேதப்புரட்டு

தில்லி மயூர் விஹாரில் ஒரு வீட்டில் நடக்கும் தமிழ் வேதபாட வகுப்பில், புதிய ஏற்பாட்டுக் கடிதங்களில் ஒன்றான தீத்துவிலிருந்து 3:10 வாசிக்கப்பட்டது. 'வேதப்புரட்டனாயிருக்கிற ஒருவனுக்கு', அதாவது வேதத்தைத் திரித்துப் போதிக்கிறவனுக்கு, என்று நாங்கள் வாசித்த இடத்தில், இந்தி வேதாகமம் வைத்திருந்த பெண்பிள்ளை ஒருத்தி, "இதில் பாக்கண்டி என்று இருக்கிறதே ஆன்ட்டி, அது வேஷக்காரனைத் திட்டுகிற சொல் அல்லவா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

மூலத்தில் இங்கே உள்ள கிரேக்கச் சொல் 'ஹைரெட்டிகோஸ்'. அது 'ஹைரெசிஸ்' என்ற பெயர்ச்சொல்லோடு ஒரே வேரைச் சேர்ந்தது. ஹைரெசிஸின் வேர்ப்பொருள் 'தெரிந்தெடுத்தல்'. ஒருவர் தெரிந்தெடுத்த கொள்கையையும், பிறகு அக்கொள்கையைப் பின்பற்றும் கூட்டத்தையும் அது குறித்தது; தொடக்கத்தில் அதில் பழிச்சொல்லின் வாடையே இல்லை. ஆகவேதான் பழைய திருப்புதல் என்று நாம் சொல்லும் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த ஒரே சொல் அப்போஸ்தலர் 5:17இல் சதுசேய 'சமயத்தார்' என்றும், 24:14இல் 'மதபேதம்' என்றும், கலாத்தியர் 5:20இல் 'மார்க்கபேதங்கள்' என்றும், 2 பேதுரு 2:1இல் 'வேதப்புரட்டுகள்' என்றும் வருகிறது. இதை மொழிபெயர்ப்பின் தடுமாற்றம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லின் பொருள் இருண்டுகொண்டே போனதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

இந்திச் சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணில் 'பாசண்டம்' என்பது சமயப் பிரிவு என்ற பொதுப்பொருளில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது; எல்லாப் பாசண்டங்களையும் போற்றியதாக அரசரே அதில் சொல்கிறார். சிலப்பதிகாரத்துப் பாசண்டச் சாத்தனும் வணங்கப்படும் தெய்வமே. பின்னாளில் அச்சொல் பாக்கண்டமாகி, போலிப் பக்திக்குப் பெயராயிற்று.

தமிழ்ச் சொல் இந்த வழியில் வரவில்லை. 'புரள்' என்பதன் பிறவினை 'புரட்டு'. அதுவே பெயராக நின்று 'உருட்டும் புரட்டும்' என்பதில் ஏமாற்றையும் குறிக்கிறது. தோசையைப் புரட்டிப் போட்டாலும் மாவு அதே மாவுதான். வேதப்புரட்டிலும் வசனம் அதே வசனந்தான், மேற்பக்கம் மட்டும் கீழே போயிருக்கும். கிரேக்கச் சொல் தெரிந்தெடுப்பவனைக் காட்டுகிறது, தமிழோ செய்கிற வேலையையே காட்டுகிறது. அந்த வகையில் மூலத்தைவிட இதுவே கூர்மையானது என்பது என் எண்ணம். 2 பேதுரு 3:16 'உறுதியில்லாதவர்கள்' வேதவாக்கியங்களைப் 'புரட்டுகிறார்கள்' என்று சொல்லி, அடுத்த வசனத்திலேயே 'உங்கள் உறுதியிலிருந்து' விலகி விழாதிருக்க எச்சரிப்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஓர் உதாரணம். 'பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்' என்ற 3 யோவான் 2ஆம் வசனத்தை, விசுவாசிக்குச் செல்வமும் சுகமும் கட்டாயம் உண்டு என்ற வாக்குத்தத்தமாகப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. அது காயு என்பவருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தில் வரும் நல்வாழ்த்து. ஊரிலிருந்து வந்த கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' என்றிருந்ததே, ஏறக்குறைய அந்த இடத்தில் நிற்கும் வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் வாழ்த்து ஒப்பந்தமாகிவிட்டது. கடிதத்தை முழுதாக வாசித்தவரிடம் இது எடுபடாது. பதினைந்து வசனங்களுக்குள் முடிகிற கடிதந்தான்.

கத்தோலிக்கர் வழக்கில் இதற்குத் 'தப்பறை' என்ற சொல் உண்டு. அது பொய்யையும் பிழையையும் சுட்டுகிறதேயன்றி, வசனம் புரட்டப்பட்டதைச் சுட்டுவதில்லை. 'கள்ள உபதேசம்' என்பது இன்னும் பரந்தது. வேதத்தைத் தொடாமலே வரும் பொய்ப் போதனைக்கும் பொருந்தும்.

தெளிப்பு ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா என்ற சச்சரவில் எதிர்த்தரப்பை வேதப்புரட்டர் என்று ஏசுவதைத் தில்லியிலும் கேட்டிருக்கிறேன். சபைகளுக்குள் நெடுங்காலமாக இருக்கும் கருத்து வேறுபாட்டுக்கு இச்சொல் பெரிது. உண்மையாகவே அப்பெயருக்கு உரியவனிடங்கூட 'இரண்டொருதரம்' புத்தி சொன்ன பின்பே விலகச் சொல்கிறது, அன்று நாங்கள் வாசித்த அந்தத் தீத்து வசனம்.