ஒரே முகவரியில் நாலு பிரிண்டர்

புதுச்சேரியில் தலைமை அலுவலகம், காரைக்கால், மாஹே, ஏனாமில் கிளைகள் என்று ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாஹே கேரளக் கடலோரத்தில், ஏனாம் ஆந்திராவுக்குள் கோதாவரிப் பக்கம். நாலு ஊரிலும் நெட்வொர்க் போட்டவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் நாலு பேரும் ரவுட்டரில் ஏற்கெனவே இருந்த 192.168.1 என்ற ஐபி முகவரி வரிசையை (ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பிரிண்டருக்கு 192.168.1.10. நாலு ஊரிலும் அதேதான்.

இதில் தப்பே இல்லை. ஐபி முகவரிகளின் பழைய முறையான ஐபிவி4-இல் இருப்பதே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அதனால் 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று வரிசைகளைத் தனியாக ஒதுக்கியது: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. இவற்றை யாரும் யாரையும் கேட்காமல் தங்கள் வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். நாலு கிளையிலும் உள்ள கருவிகளைத் தானாகத் தேடிப் பிடித்து ஒரே பட்டியலில் சேர்க்கும் மென்பொருளை ஓட்டும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

அந்த மென்பொருள் செய்வது இரண்டு வேலை. முதலில் தேடல். ஒரு முகவரி வரிசையைக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும். பதில் வந்தால் எந்த போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள, எண் போட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று தட்டும். 22 திறந்திருந்தால் பெரும்பாலும் லினக்ஸ், 135 என்றால் விண்டோஸ், 161 பதில் சொன்னால் சுவிட்சோ பிரிண்டரோ. கையில் பாஸ்வேர்டு இருந்தால் உள்ளே போய் மாடல், சீரியல் நம்பர் எல்லாம் கேட்டு வாங்கும். இரண்டாவது வேலை ஒத்துப்பார்த்தல்: இப்போது பார்த்த கருவி பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா, புதிதா? சீரியல் நம்பர் கிடைத்தால் கவலையில்லை. இல்லையென்றால் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டில் தொழிற்சாலையிலேயே பதித்த எண்), அதுவும் இல்லையென்றால் கருவியின் பெயர், எதுவுமே இல்லாதபோது கடைசியாக ஐபி முகவரி. ஆனால் மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டி வராது. இந்தத் தேடும் மென்பொருள், அதாவது ஸ்கேனர், தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் ஏனாம் பிரிண்டரின் மேக் நேரடியாகத் தெரியாது. அங்குள்ள ரவுட்டரையோ சுவிட்சையோ கேட்டால்தான் உண்டு.

ஆகக் கருவி வாயைத் திறக்கவில்லை என்றால் மிஞ்சுவது ஐபி மட்டும். அதை எவ்வளவு நம்பலாம் என்பது அந்த வரிசை எந்த வகை என்பதைப் பொறுத்தது.

நிலையான முகவரி சொந்த வீட்டுக் கதவு எண் மாதிரி. டிஹெச்சிபி முகவரி, அதாவது கருவி நெட்வொர்க்கில் சேரும்போது சர்வர் தானாகக் கொடுப்பது, பாண்டிக்கு வாரக்கடைசியில் வருகிறவர்கள் எடுக்கும் லாட்ஜ் ரூம் நம்பர். டிஹெச்சிபி சர்வர் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் லீஸ் கொடுக்கிறது. காலத்தில் பாதி கழிந்ததும் கம்ப்யூட்டர் புதுப்பிக்கக் கேட்கும். அதுவரை ஓடிக்கொண்டே இருந்தால் அதே முகவரி நீடிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதுபோன்ற நேரத்தில் கரண்ட் போய், மெஷின்கள் சில நாள் அணைந்து கிடந்தால் லீஸ் முடிந்துவிடும். பழைய முகவரியையே திருப்பிக் கொடுக்க சர்வர் முயலும். ஆனால் முதலில் எழுந்தவர் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஐபியை வைத்து ஒத்துப்பார்க்கும் பட்டியலில் அப்போது கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர் வரவேற்பறை லேப்டாப்பாக மாறிவிடும், பழைய பழுது விவரங்களோடு சேர்த்து.

இந்தத் தவறு இரண்டு விதம். ஒரே கருவி இரண்டு பதிவாவது ஒன்று, இரண்டு கருவி ஒரே பதிவாவது இன்னொன்று. எல்லாரும் பயப்படுவது முதல் வகைக்கு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். இரட்டைப் பதிவு கண்ணில் படும், எண்ணிக்கை இடிக்கும். கலந்துபோன பதிவு பார்க்கச் சுத்தமாக இருக்கும். நாலு ஊர்ப் பிரிண்டரும் ஒன்றாகி, யார் கடைசியாக ஸ்கேன் செய்தாரோ அந்த ஊரில் இருப்பதாகக் காட்டும்.

இதைவிட வினோதமான வரிசைகளும் உண்டு. டாக்கர் (ஒரே சர்வருக்குள் பல மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) நிறுவிய லினக்ஸ் சர்வர்கள் வழக்கமாகத் தமக்குள் 172.17.0.1 என்ற முகவரியை வைத்திருக்கும். உள்ளே போய் விவரம் சேகரிக்கும் ஸ்கேனர் அதையும் எழுதிக்கொண்டு வரும். அதைத் தனித்துவ அடையாளமாக எடுத்துக்கொண்டால் சம்பந்தமே இல்லாத பத்து சர்வர் ஒன்றாகும். 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி பதில் தராததால் கருவி தானே சூட்டிக்கொண்ட முகவரி. அதை அடையாளமாகக் கொள்ளாமல் கோளாறுக் குறியாகக் கொள்வதே சரி. 100.64 முதல் 100.127 வரை இணைய சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க 2012-இல் ஒதுக்கப்பட்டது. அதையும் தனித்துவ அடையாளமாகக் கொள்ள முடியாது.

விருந்தினர் வைஃபை தனிக் கதை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலம் முதல் போன்கள் இயல்பாகவே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. அதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: மேக்கின் இரண்டாவது இலக்கம் (இதில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கம்தான்) 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த எண் அல்ல. அப்படிப்பட்டவற்றைச் சொத்துப் பட்டியலில் ஏற்றாமலே விடலாம்.

எனவே வரிசையைக் கொடுக்கும்போதே அது எந்த ஊர், நிலையானதா லீஸா என்று சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெயரும் ஐபியும் சேர்ந்தே அடையாளம் என்று வைத்தால் நாலு பிரிண்டரும் நாலாகவே நிற்கும். காணாமல் போனதைக் கணக்கிடுவதும் அப்படியே. நிலையான முகவரியில் இருந்த சர்வர் ஒரு வாரம் பதில் சொல்லாவிட்டால் ஆளை அனுப்ப வேண்டும். டிஹெச்சிபி வரிசையில் ஒரு முகவரி காலியாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

சோம்பேறித்தனமாக 10 வரிசை முழுவதையும் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அதில் 1,67,77,216 முகவரிகள். நொடிக்கு ஒன்று என்றால் 194 நாள். புதிய முறையான ஐபிவி6-இல் இந்த விளையாட்டே நடக்காது. அங்கே ஒரு சாதாரண நெட்வொர்க் துண்டை (சப்நெட்) நொடிக்குப் பத்து லட்சம் வீதம் தட்டினாலும் ஐந்தரை லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் வரிசையாகத் தட்டுவதை விட்டுவிட்டு, ரவுட்டர் தன் அண்டைக் கருவிகளைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணையையும் எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளையும் வாங்கிப் பார்க்கிறார்கள்.