பக்கத்து வீடா, வெளியூரா?

நெட் இணைப்பு இருப்பதாகக் கணினி சொல்லும்; ஆனால் ஒரு தளமும் திறக்காது. அப்போதெல்லாம் செட்டிங்ஸ் பக்கங்களில் துழாவாமல் கட்டளைகளைத் தட்டும் இடமான லினக்ஸின் டெர்மினலைத் திறந்துவிடுவேன். 'ஐபி அட்ரஸ்' என்று தட்டினால் கணினி தன் முகவரியைச் சொல்லிவிடும். பழைய ஆட்கள் இன்னும் 'ஐஎஃப்கான்ஃபிக்' என்றுதான் தட்டுவார்கள். 1983-இல் பெர்க்லி யூனிக்ஸோடு வந்த கட்டளை அது.

முகவரியே இல்லையா? சரி, நாமே கொடுப்போம். ரூட்டர் 192.168.1.1 என்றால், 'சூடோ ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.50/24 டெவ் ஈத்0'. சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவதற்கு. ஈத்0 என்பது நெட்வொர்க் கார்டின் பெயர். உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம். பலர் கவனிக்காமல் விடுவது அந்த /24-ஐத்தான். முகவரி மொத்தம் 32 பிட். முதல் 24 (192.168.1) தெருப்பெயர், மீதி 8 (50) கதவு எண். 255.255.255.0 என்று எழுதினாலும் இதே கணக்குதான்.

தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கணினி முதலில் சேருமிடத்தின் தெருப்பெயரைப் பார்க்கிறது. 192.168.1.70 நம் தெரு. "யாரப்பா 70?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூவும், இதற்குப் பெயர் ஏஆர்பி. 70-க்கு உரிய கணினி தன் நெட்வொர்க் கார்டின் எண்ணான மேக் முகவரியைச் சொன்னதும் பாக்கெட் நேரே போய்விடும். கூகுளின் சர்வரான 8.8.8.8 வெளியூர். அதற்கு வழி தெரியாமல் கையை விரித்துவிடும். 'சூடோ ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1' என்று சொன்ன பிறகுதான் வெளியூர் பாக்கெட்டெல்லாம் ரூட்டர் கைக்குப் போகும்.

தவறிப்போய் /16 போட்டுவிட்டால் வேடிக்கை. 192.168 மட்டுமே தெருப்பெயர் ஆகிவிடும். அடுத்த தெருவின் 192.168.5.20-ஐயும் நம் தெரு என்று நம்பிக் கணினி கூவிக்கொண்டிருக்கும். பதில் சொல்ல இங்கே ஆளில்லை. ரூட்டரிடம் கேட்கலாமே என்றும் அதற்குத் தோன்றாது.

அப்புறம், 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, பெயரைப் போட்டால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் பாக்கி.

இப்படித் தட்டியதெல்லாம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நினைவில் மட்டுமே இருக்கும். ரீபூட் செய்தால் போச்சு. நிலைக்க வேண்டுமானால் உபுண்டு சர்வரில் நெட்பிளான் என்ற அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். இந்த மறதி ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. தொலைவிலிருந்த சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, அதன் முகவரியையே அழித்துவிட்டேன். உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான். அங்கிருந்தவர் பவர் பட்டனை அமுக்கி மறுபடி போட்டதும், பழைய முகவரியோடு அது எழுந்து வந்தது.