ஒரே ஒரு குக்கீக்கு எத்தனை கிராம் முட்டை?

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திவந்தவர் ரூத் வேக்ஃபீல்ட். சாக்லேட் சிப் குக்கீ 1930களில் அவருடைய சமையலறையில் பிறந்தது. அந்த விடுதியின் பெயரில் இன்றும் சாக்லேட் பாக்கெட்டுகளில் அச்சாகும் செய்முறை இப்படிப் போகிறது: மைதா இரண்டே கால் கப், வெண்ணெய் ஒரு கப், வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் முக்கால் முக்கால் கப், முட்டை இரண்டு, சோடா ஒரு தேக்கரண்டி. சுமார் 60 குக்கீ வரும்.

வீட்டில் ஒரே ஆள்; வேண்டியது ஒன்றே ஒன்று. 60ஆல் வகுத்தால் மைதா நாலரை கிராம், வெண்ணெய் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு, முட்டை ஒன்றரை கிராம் சொச்சம், சோடா 0.08 கிராம். இதை வீட்டில் யாராலும் அளக்க முடியாது. ஆனால் ஆசையாகச் சுட்டுத் தின்ன உட்காருபவர் அவ்வளவு சின்ன குக்கீயோடு எழுந்திருக்கவும் மாட்டார். அதனால் ஆறு குக்கீயின் மாவை ஒன்றாக்கி, பத்தில் ஒரு பங்காகக் கணக்குப் போடலாம். மைதா 27 கிராம், வெண்ணெய் 22, சர்க்கரை இரண்டும் சேர்த்து 31. இவையெல்லாம் தராசில் நிற்கிற எண்கள். முட்டை 10 கிராம், சோடா அரை கிராம் என்பவைதான் கையில் அடங்காதவை. ஒற்றைக் குக்கீ கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

மஞ்சள் கரு போதும்

கடையில் வாங்கும் நடுத்தர முட்டையில் ஓடு நீங்கலாக 45 கிராம் சொச்சம் இருக்கும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். 30 கிராம் மைதாவில் அதை முழுசாக உடைத்து ஊற்றினால், உருட்ட வேண்டிய மாவு தோசை மாவுப் பதத்துக்கு இளகிவிடும். வெந்து வருவது சப்பையான கேக்காக இருக்குமே தவிர குக்கீயாக இருக்காது. முட்டையை அடித்து 10 கிராம் மட்டும் ஊற்றி, மீதியை ஆம்லெட்டுக்கு வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளைக் கரு ஜவ்வாக இழுக்கும். 10 ஊற்றப் போனால் 18 விழும்.

மஞ்சள் கருவை மட்டும் எடுத்தால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரு மஞ்சள் கரு சுமார் 16 கிராம். அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 8 கிராம், தண்ணீர். 10 கிராம் முழு முட்டையில் இருக்கும் தண்ணீர் ஏழரை கிராம். மாவின் ஈரம் மாறவே இல்லை. மாறுவது கொழுப்புதான். முழு முட்டை 10 கிராமில் ஒரு கிராம் கொழுப்பு என்றால், மஞ்சள் கரு நாலரை கிராம் கொண்டுவருகிறது. அதைச் சரிக்கட்டத்தான் வெண்ணெயை 20 கிராமாகக் குறைத்து மைதாவை 35க்கு ஏற்றுகிறோம். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், வெண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். நடுப்பகுதி மென்மையாக, கடித்தால் இழுக்கும் பதத்தில் வருவதில் அதற்குப் பங்குண்டு. வெள்ளைக் கருவை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஆம்லெட்டோடு தீர்ந்துவிடும்.

அரை கிராமை அளப்பது எப்படி?

மளிகைக் கடையில் ஆப்ப சோடா என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் சோடியம் பைகார்பனேட். குக்கீயில் அதற்கு இரண்டு வேலை. கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு மாவை உப்பவைப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. இரண்டாவது, மாவைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றுவது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பொன்னிறமும் வாசனையும் தரும் மெயார்ட் வினை, காரச் சூழலில் வேகமாக நடக்கும். சோடாவே போடாத குக்கீ வெளிறி நிற்பதற்குக் காரணம் இதுதான். அளவு கூடினால் வேறு தொல்லை. அமிலம் கிடைக்காத சோடா, சூட்டில் சிதைந்து சோடியம் கார்பனேட்டாக மிஞ்சும். நாக்கில் சோப்பு வாடை அடிக்கும், மேலே கருத்துப்போகும்.

60 குக்கீக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது நாலரை கிராமுக்குச் சற்று மேல், போடும்போது 0.3 கிராம் கூடினால் அது ஆறேழு சதவீதப் பிழை, யாருக்கும் தெரியாது. அரை கிராம் போட வேண்டிய இடத்தில் அதே 0.3 கிராம் அறுபது சதவீதம். ‘ஒரு சிட்டிகை’ என்று எழுதிவிட்டுப் போகும் சமையல் குறிப்புகளை நம்ப முடியாததும் இதனால்தான். இரண்டு விரல் சிட்டிகையும் மூன்று விரல் சிட்டிகையும் ஒன்றல்ல. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசும் இங்கே உதவாது. அரை கிராமுக்குப் பூஜ்யம் என்றோ ஒன்று என்றோ காட்டும்.

ஆய்வகங்களில் மிகச் சிறிய அளவை நேரடியாக அளக்க மாட்டார்கள். நீர்த்துப்போகச் செய்து அளப்பார்கள். அதையே மைதாவில் செய்யலாம். சோடா 5 கிராம், மைதா 45 கிராம். இரண்டையும் மூன்று முறை ஒன்றாகச் சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வையுங்கள். இந்தக் கலவையில் 5 கிராம் எடுத்தால் அதில் சோடா சரியாக அரை கிராம். அரை கிராம் முன்பின் போனாலும் பிழை பத்து சதவீதம்தான். ஒருமுறை கலந்தால் பத்து குக்கீக்கு வரும். அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விலை குறைந்த டிஜிட்டல் தராசுகளில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் நகராமல் பூஜ்யத்திலேயே நிற்கும். சின்ன மாற்றங்களைத் தானாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும்படி அவற்றை அமைத்திருப்பார்கள். பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, ஸ்பூனால் ஒரே அள்ளாக வெளியே எடுங்கள். மைனஸ் 5 என்று காட்டினால் சரி.

ஆக, மொத்தப் பொருள்கள்: வெண்ணெய் 20 கிராம், வெள்ளைச் சர்க்கரை 12, நாட்டுச் சர்க்கரை 15, மஞ்சள் கரு ஒன்று, வெனிலா இரண்டு மூன்று சொட்டு, மைதா 30, சோடாக் கலவை 5 (இதிலும் நாலரை கிராம் மைதா இருக்கிறது), சாக்லேட் துண்டுகள் 20. ரொட்டிக்குத் தடவும் உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாததென்றால் ஒரு சிட்டிகை. நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள லேசான அமிலம் சோடாவுக்குத் தேவை; அது இழுத்துவைத்திருக்கும் ஈரம் குக்கீயின் நடுப்பகுதிக்குத் தேவை. இந்த ஒற்றைக் குக்கீ 500 கிலோ கலோரியைத் தாண்டும். நொறுக்குத்தீனி என்பதைவிட ஒரு வேளைச் சாப்பாடு என்று சொல்வதே நியாயம்.

பிசைவதும் சுடுவதும்

வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலை வெண்ணெய்’ என்று இருக்கும். அந்த அறை 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் 34 டிகிரி. வெண்ணெய் உருகும் சூடே 32 முதல் 35 டிகிரிதான். இங்கே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக்கி ஐந்து நிமிடம் வைத்தாலே தாராளம். விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. 20 கிராமுக்கு மிக்ஸரும் பீட்டரும் எட்டாது. சின்னக் கிண்ணத்தில் முள்கரண்டியால் சர்க்கரையோடு ஒரு நிமிடம் தேய்த்து, மஞ்சள் கருவும் வெனிலாவும் சேர்த்து இன்னொரு அரை நிமிடம் தேய்த்தால் போதும். பிறகு மைதாவும் சோடாக் கலவையும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாதவுடன் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் கிளறினால் மைதாவில் உருவாகும் குளூட்டன் என்ற புரத இழைகள் இறுகி, குக்கீ பரோட்டாவைப்போல இழுபடும்.

சாக்லேட்டைச் சேர்த்து, ஏழு செ.மீ. அகலமும் இரண்டரை செ.மீ. உயரமும் உள்ள வடையாகத் தட்டி, பட்டர் பேப்பரில் வைத்து 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கவும். ஓடிஜி எனும் சிறு மின்சார ஓவனை, மேலும் கீழும் உள்ள இரண்டு ராடும் எரியும் நிலையில் 175 டிகிரிக்குச் சூடாக்க அந்த நேரம் சரியாக இருக்கும். சூடேறும்போது எரியும் விளக்கு ஒருமுறை அணைந்ததும் உள்ளே வைக்காதீர்கள். இரண்டாவது முறை அணையட்டும். முதல் முறை காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் ஆகியிருக்காது.

உள்ளே போன மூன்றாவது நிமிடம் ஓரம் பளபளக்கும். வெண்ணெய் உருகத் தொடங்கிவிட்டது. மாவிலுள்ள பதினோரு கிராம் தண்ணீரில் சர்க்கரையும் கரைந்து பாகாகிறது. வெண்ணெயும் பாகும் சேர்ந்து இளகுவதால் வடை சரிந்து பரவுகிறது. ஆறேழு நிமிடத்தில் சோடாவின் வாயுவும் நீராவியும் மேற்பரப்பைத் தூக்கிவிடும். இதற்கிடையே ஓரம் 70 டிகிரியைத் தாண்டி, மஞ்சள் கருவின் புரதம் உறைந்து வேலி கட்டிவிடும். குக்கீ எவ்வளவு அகலம் ஆகும் என்பது இந்தப் பந்தயத்தில் இருக்கிறது: வெண்ணெய் முன்னால் உருகுகிறதா, புரதம் முன்னால் உறைகிறதா? குளிர்ந்த மாவு உருக நேரமெடுப்பதால் வேலி முந்திக்கொள்ளும். இந்த அளவு மாவு பதினோரு செ.மீ. அகலத்தில் நின்றால் சரி. பத்து நிமிடத்துக்கு மேல் ஓரத்தின் தண்ணீர் வற்றி, சூடு 140ஐத் தாண்டும்போது பொன்னிறம் ஏறும்.

13 முதல் 15 நிமிடத்துக்குள், நடுப்பகுதி இன்னும் பச்சையாகத் தெரியும்போதே வெளியே எடுக்க வேண்டும். ஓரம் உறுதியாக, நடு உப்பலாக, தொட்டால் அமுங்குவதாக இருக்கும். நீராவி குளிர்ந்ததும் உப்பல் தானாகக் கீழே இறங்கும். சூடான டிரேயிலேயே பத்து நிமிடம் விட்டால் மீதி வேக்காடு அதில் முடிந்துவிடும். அவசரப்பட்டு எடுத்தால் இரண்டாக உடையும். நாளைக்கு எடுத்துவைக்கும் பண்டமல்ல என்பதால், கடைக்காரர் செய்வதுபோல ஈரம் வற்றும்வரை சுட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பச்சை மாவும் பச்சை முட்டையும் வயிற்றுக்கு ஆகாது. நடுப்பகுதி 71 டிகிரியையாவது தொட்டிருக்க வேண்டும்.

அப்பளம்போலப் பரவிவிட்டால் வெண்ணெய் இளகியிருந்தது, அல்லது ஓவன் சூடாகவில்லை. உருண்டையாகவே நின்றுவிட்டால் மைதா கூடிவிட்டது. கப்பால் அமுக்கி அள்ளும்போது ஒரு கப் மைதா 120 கிராமிலிருந்து 150 வரை போகும். ஒற்றைக் குக்கீக்குக் கப் கணக்கே வேண்டாம். அடி கருகி மேலே வெளிறினால் கறுப்பு டிரேயைக் கீழ்த்தட்டில் வைத்திருப்பீர்கள்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு செ.மீ. கல்லுப்புப் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல் சிறுதீயில் பத்து நிமிடம் சூடாக்கி, ஸ்டாண்டு மேல் தட்டை வைக்கவும். சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் மாவை இரண்டு மெல்லிய குக்கீகளாகப் பிரிப்பது நல்லது. ஏர் ஃபிரையர் இதைவிட எளிது: 160 டிகிரி, எட்டு முதல் பத்து நிமிடம். பட்டர் பேப்பரைக் குக்கீயின் அளவுக்கே வெட்டுங்கள். தூக்கி நிற்கும் ஓரம் காற்றில் பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டும். மைக்ரோவேவில் சுட்டதைக் குக்கீ என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தண்ணீர் இருக்கும்வரை மாவு 100 டிகிரியைத் தாண்டாது, சுற்றியுள்ள காற்றோ குளிர்ச்சி. பொன்னிறமாக வழியே இல்லை.

ஃபிரீசர் இருப்பவர்களுக்கு இத்தனை கணக்கும் தேவையில்லை. இரண்டு முழு முட்டை போட்டுப் பத்து வடைக்கான மாவைப் பிசைந்து, தட்டி உறையவைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்து 165 டிகிரியில் மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.

முட்டை சேர்க்காதவர்கள் மஞ்சள் கருவுக்குப் பதில் ஒன்றரை தேக்கரண்டி பால் ஊற்றி, வெண்ணெயை 24 கிராமாக ஏற்றிக்கொள்ளலாம். உறைவதற்குப் புரதம் குறைவு என்பதால் இது அதிகம் பரவும். ஃபிரிட்ஜில் 40 நிமிடம் வையுங்கள். வெண்ணெய்க்குப் பதில் நெய் என்றால் எடைக்கு எடை மாற்றக் கூடாது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் அது இல்லை. 24 கிராம் வெண்ணெயின் இடத்தில் 19 கிராம் நெய்யும் முக்கால் தேக்கரண்டி பாலும் போடவும். இந்தப் பாலை விட்டுவிட்டால் குளூட்டன் உருவாக ஈரம் போதாது. கையில் எடுத்தாலே உதிரும் நெய் பிஸ்கட்தான் கிடைக்கும்.