ட்ரியாஜ் என்றால் கொழித்தல்

கொழும்புக் கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு புதுச்சொல் புழங்குகிறது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் "முதல்ல மெயிலை ட்ரியாஜ் பண்ணுங்கோ" என்கிறார் மேலாளர். வந்த மெயில், தலையில் விழுந்த வேலை, பஸ்ஸில் தோன்றிய யோசனை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, எதை இப்போதே தொடுவது, எதைப் பிறகு பார்ப்பது, எதைத் தொடாமலே விடுவது என்று பிரிப்பதுதான் அது. பதில் எழுதுவதெல்லாம் அப்புறம்.

'ட்ரை' என்றால் மூன்று, மூன்றாகப் பிரிப்பதால் ட்ரியாஜ் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. பிழை. பிரெஞ்சில் 'ட்ரியே' என்றால் பொறுக்கிப் பிரிப்பது. அதில் பிறந்த சொல் இது. ஆங்கிலத்துக்குள் 18ஆம் நூற்றாண்டில் கம்பளியைத் தரம் பிரிக்கும் தொழிலோடு வந்தது, பிறகு காப்பி வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே நல்ல கொட்டையைப் பொறுக்கியபின் மிஞ்சும் உடைசலுக்கே ட்ரியாஜ் என்று பெயர். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பிச் செடிகளை அழிக்கும்வரை இலங்கையும் காப்பி நாடுதானே. மலையிலிருந்து இறங்கிய காப்பியைக் கொழும்புப் பண்டகசாலைகளில் பெண்கள் கையால் பொறுக்கினார்கள்.

மருத்துவத்துக்கு இந்தச் சொல் போனது முதலாம் உலகப் போரில். காயப்பட்டவர்களை இப்படிப் பிரித்தார்கள்: சிகிச்சை இல்லாமலும் பிழைப்பவர், சிகிச்சை தந்தும் பிழைக்காதவர், இப்போது கைவைத்தால் பிழைப்பவர். மெயிலும் அப்படித்தான். பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வகைப்படுத்தல்' போதாது. நான் பதினான்கு ஃபோல்டர் திறந்து ஒரு மாதம் வகைப்படுத்தினேன். எல்லாம் அழகாக இருந்தது, வேலை ஒன்றும் நகரவில்லை. 'முன்னுரிமைப்படுத்தல்' வரிசை மட்டும் போடும், எதையும் கழிக்காது. 'தரம் பிரித்தல்' பரவாயில்லை, ஆனால் தேயிலை வாசம் அடிக்கிறது.

வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் அம்மா இன்றைக்கும் சுளகு வைத்திருக்கிறா. புடைக்கும்போது உமியும் பதரும் முன்னால் பறக்கும். பிறகு சுளகைச் சற்றுச் சரித்து, பக்கவாட்டில் ஆட்டிக் கொழிப்பா. முழு அரிசி ஒரு பக்கம், குறுணல் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒவ்வொரு மணியாக எடுத்துப் பார்ப்பதில்லை, கை பழகியிருக்கிறது. குறுணலை எறிவதும் இல்லை, கஞ்சிக்கு ஒரு பேணியில் போட்டு வைப்பா. யோசனைகளுக்கும் அப்படி ஒரு பேணி வேண்டும்; என்னுடையது ஒரு சின்னக் கொப்பி.

அதனால் என் தெரிவு 'கொழித்தல்'. பெயர்ச்சொல் தேவைப்பட்டால் 'கொழிப்பு'. ஆற்றுநீர் மணலைக் கொழிக்கும், செல்வம் கொழிக்கும் என்ற பழக்கமும் இருப்பதால், 'மெயில் கொழிப்பு' என்றால் மெயில் பெருகிக் கிடப்பதாகவும் தொனிக்கும். அதுவும் பொய்யில்லை.

நேற்று "அரை மணித்தியாலம் மெயில் கொழிச்சிட்டு வாறன்" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மேசை அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டா: "சுளகு கொண்டு வந்தனீரோ?"